பெருங்களத்தூர் காரை வரைந்த இத்தாலிக்காரர்

அக்டோபர் வந்தாச்சு. காலேஜ் பஸ் பெருங்களத்தூரில் டிராஃபிக்கில் நிற்கும்போது ஜன்னல் வழியா மேலே பாருங்க. கிழக்கே கறுத்துக்கொண்டு வரும். ஐரோப்பாவில் நல்ல கார் வைத்திருப்பவர்கள் பனிக்காலம் தொடங்கும் முன் காரைக் கழுவி, மெழுகு பூசி, பத்திரமாக மூடி வைப்பார்கள். அங்கே ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்பு தூவுவார்கள். அந்த உப்பு இரும்பைத் தின்றுவிடும். நமக்குப் பனி கிடையாது. நம்ம காருக்கு 'விண்டர்' என்றால் வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதம் ஈரம்.

மழைக்கு முன்னால் காரை எப்படிக் காப்பாற்றுவது என்று பத்து டிப்ஸ் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் படித்த அன்றைக்கே மறந்துபோகும். அதனால் ஒரு ஆளோட கதையைச் சொல்கிறேன். டிப்ஸ் எல்லாம் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கு.

அவர் பெயர் ஜியோவன்னி மிக்கெலொட்டி. இத்தாலிக்காரர். அவர் வரைந்த கார் நீங்கள் தினமும் கடக்கிற இதே பெருங்களத்தூரில் தயாரானது. ஜி.எஸ்.டி. சாலையில் இன்று ஐ.டி. கட்டடங்கள் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1961-லிருந்து அங்கே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' வந்தது. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே மூன்று கார்தான் நாட்டில் கிடைத்த காலம் அது. மூன்றில் எது அழகு என்று உங்க வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்க.

பேர் வெளியே வராத ஆள்

மிக்கெலொட்டி 1921 அக்டோபர் 6-ஆம் தேதி டூரின் நகரத்தில் பிறந்தார். கோயம்புத்தூருக்கு மில் மாதிரி, டூரினுக்குக் கார். ஃபியட் இருந்தது அங்கேதான். இன்ஜினும் சேஸிஸும் ஒரு கம்பெனி செய்யும். மேலே போடுகிற பாடியை வேறொரு பட்டறை தகடு தட்டிச் செய்யும். நம்ம ஊர் லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் பாடி கட்டுவதை நாமக்கல், கரூர் பக்கம் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்.

பதின்ம வயதிலேயே ஸ்டாபிலிமென்டி ஃபரினா என்ற பாடி கட்டும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் 1949-ல் சொந்தமாக ஒரு டிசைன் அறை தொடங்கினார். அந்தக் காலத்தில் டிசைனர் என்பவர் ஏதாவது ஒரு பட்டறையின் ஆளாகத்தான் இருப்பார். இவர் யாருக்கும் சொந்தமில்லாமல், கேட்ட எல்லோருக்கும் வரைந்து கொடுத்தார். அதில் ஒரு சங்கடம் உண்டு. காரின் மேல் பட்டறை முதலாளியின் பெயர்ப் பலகை இருக்கும்; வரைந்தவர் பெயர் இருக்காது.

1950-களின் தொடக்கத்தில் வின்யாலே பட்டறை பல ஃபெராரிகளுக்குப் பாடி கட்டியது. அவற்றை வரைந்தவர் மிக்கெலொட்டி. 1951-ல் மெக்ஸிகோவில் நடந்த கரேரா பானமெரிக்கானா என்ற பயங்கரமான நெடுந்தூரப் பந்தயத்தில் முதலிடம் பிடித்த ஃபெராரி 212, வின்யாலே பாடி போட்டதுதான். உலகம் ஃபெராரியைப் பாராட்டியது, விவரம் தெரிந்தவர்கள் வின்யாலேயையும் பாராட்டினார்கள். பென்சில் பிடித்தவரை டூரினுக்கு வெளியே ரொம்பப் பேருக்குத் தெரியாது.

ஹெரால்டு பிறந்த விதம்

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு-டிரயம்ஃப் கம்பெனி 1950-களின் நடுவில் ஒரு சிக்கலில் இருந்தது. புதுசாக ஒரு சின்னக் கார் வேண்டும். ஆனால் பாடியை ஒரே துண்டாக அழுத்திக் கொடுக்க வேண்டிய ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953-லேயே போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அதனால் பழைய காலம் போலத் தனியாக ஒரு சேஸிஸ் செய்து, அதன்மேல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பாடியைப் போல்ட் போட்டு முடுக்குவது என்று முடிவு செய்தார்கள். சொந்த ஆட்கள் வரைந்த வடிவமோ யாருக்கும் பிடிக்கவில்லை.

1957-ல் தலைமை இன்ஜினியர் ஹாரி வெப்ஸ்டர் விடுமுறைக்குப் போகிற வழியில் டூரினில் மிக்கெலொட்டியைப் பார்த்துப் பிரச்சினையைச் சொன்னார். மிக்கெலொட்டி பேசிக்கொண்டே வரைகிறவர். அங்கேயே, அப்போதே ஒரு வடிவம் காகிதத்தில் வந்துவிட்டது. சில மாதத்திலேயே மாதிரி வண்டி கவென்ட்ரிக்குப் போய்ச் சேர்ந்தது. 1959 ஏப்ரலில் டிரயம்ஃப் ஹெரால்டு வெளியானது. 948 சி.சி. இன்ஜின். நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். பானட்டைத் திறந்தால் இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் முழுசாகக் கவிழும். இன்ஜினில் வேலை செய்கிறவர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம்ம ஊர்ச் சந்துக்கென்றே செய்த மாதிரி.

வேறு வழியில்லாமல் எடுத்த போல்ட் முடிவுதான் ஹெரால்டைப் பெருங்களத்தூர் வரை கொண்டுவந்தது. துண்டு துண்டாகக் கப்பலில் அனுப்பி, போன இடத்தில் கோர்க்கலாம். அப்புறம் ஒவ்வொரு துண்டாக உள்ளூரிலேயே செய்யத் தொடங்கலாம். அப்படித்தான் இங்கே நடந்தது. 60-களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டு இங்கே வந்தது. பின்னாடி 'கஸெல்' என்ற பெயரில் அதன் வாரிசும் வந்தது.

ஆனால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு இடுக்கு. முதல் வருஷ வேதியியலில் அரிமானம் படித்து, பரீட்சை எழுதி, மறந்திருப்பீங்க. கொஞ்சம் ஞாபகப்படுத்திக்குங்க. இரும்பின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால் அதன் ஓரத்தில் ஆக்ஸிஜன் அதிகம், நடுவில் குறைவு. ஆக்ஸிஜன் குறைவான இடம் ஆனோடு ஆகி, இரும்பு அங்கே கரையும். இடுக்கிலும் இதே கதைதான். இடுக்கின் உள்ளே காற்று போகாது, தண்ணீர் மட்டும் போகும். அதனால் துரு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொடங்கி, ஒருநாள் பெயிண்ட் கொப்புளமாக வெளியே வரும். வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

ஆகவே மழைக்கு முன் முதல் வேலை வாக்ஸ் இல்லை. கதவின் அடியிலும், கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பகுதியிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். உள்ளே போன தண்ணீர் வெளியேறுவதற்காக இன்ஜினியர் வைத்த வழி அது. வேப்பிலையும் மண்ணும் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்தி எடுத்துவிடுங்க. அண்டர்கோட்டிங் அடிக்கிறேன் என்று சிலர் அந்த ஓட்டையையே மூடிவிடுவார்கள். அதைவிடச் சும்மா இருப்பது மேல். ஓட்டை திறந்திருக்கு, உள்ளே நன்றாகக் காய்ந்திருக்கு என்று உறுதியான பிறகுதான் உள்பக்கம் கேவிட்டி வாக்ஸ் அடிக்க வேண்டும்.

துணிக்குக் கீழே கிடந்த ஸ்பிட்ஃபயர்

ஹெரால்டின் சேஸிஸைக் கொஞ்சம் குறுக்கி, இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றையும் மிக்கெலொட்டி வரைந்தார். மாதிரி வண்டியும் தயாரானது. அதற்குள் ஸ்டாண்டர்டு-டிரயம்ஃபிடம் பணம் தீர்ந்துவிட்டது. வண்டியைத் தொழிற்சாலையின் ஒரு மூலையில் நிறுத்தித் துணி போட்டு மூடிவிட்டார்கள். 1961-ல் லேலண்டு கம்பெனி மொத்தத்தையும் வாங்கியது. புது முதலாளிகள் என்னென்ன இருக்கு என்று சுற்றிப் பார்க்கும்போது அந்தத் துணியைத் தூக்கினார்கள். பிடித்துப்போனது. 1962-ல் அது டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று வெளியே வந்து, 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது.

மூலையில் கிடந்த வண்டி பிழைத்ததற்குக் காரணம், அது காய்ந்த தரையில், கூரைக்குக் கீழே, துணியால் மூடப்பட்டு இருந்தது. துணி தூசியைத் தடுக்கும், காற்றை விடும். இதை மனதில் வச்சுக்குங்க. கடைசியில் இன்னொரு வண்டியைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

1961-ல் வந்த டி.ஆர்.4-ம் இவர் வரைந்ததே. பின்கண்ணாடியை அப்படியே விட்டு, தலைக்கு மேலே இருக்கும் தகட்டை மட்டும் கழற்றும் வசதி அதில் கிடைத்தது. போர்ஷே அதே யோசனையை 1965-ல் 'டார்கா' என்ற பெயரில் காட்டியபோதுதான் உலகம் கைதட்டியது. திறக்கிற கூரை இருக்கிற எந்த வண்டிக்கும், நம்ம சன்ரூஃப் கார்களுக்கும் சேர்த்து, மழைக்கு முன் இரண்டு வேலை உண்டு. கூரை ஓரத்து ரப்பர் பீடிங்கைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் பூசணும். சன்ரூஃபின் நாலு மூலையிலும் இருக்கிற வடிகுழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அது கீழே வருதா என்று பார்க்கணும். வரவில்லை என்றால் அந்தத் தண்ணீர் உங்க சீட்டுக்குக் கீழேதான் போகுது.

பி.எம்.டபிள்யூ., ஆல்பைன், பஸ்

1959-ல் பி.எம்.டபிள்யூ. திவாலாகும் நிலையில் இருந்தது. பென்ஸ் கம்பெனி அதை விழுங்கவிருந்தது. அந்தச் சமயத்தில் கை கொடுத்தது 700 என்ற சின்னக் கார். வரைந்தவர் மிக்கெலொட்டி. பெருங்களத்தூரிலிருந்து அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் மகிந்திரா வேர்ல்டு சிட்டி பக்கம் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை ஓடுகிறது. அந்தப் பக்கம் போகும்போது இவரை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.

பிரான்சில் ஜான் ரெடெலே தொடங்கிய ஆல்பைன் கம்பெனிக்கும் வரைந்தார். அந்த வரிசையில் வந்த ஏ110 பனி மூடிய மலைப்பாதைகளில் ஓடி 1971, 1973 மான்டி கார்லோ ராலிகளை வென்றது. 1973-ல் முதன்முதலாக நடந்த உலக ராலி சாம்பியன்ஷிப்பும் ஆல்பைனுக்கே. ஏ110-ன் பாடி கண்ணாடி நார். துருப்பிடிக்காது. ஆனால் உள்ளே முதுகெலும்பு போல ஓடுகிற சேஸிஸ் இரும்பு. மேலே பளபளவென்று இருக்கும் வண்டியின் அடி இற்றுப்போயிருக்கலாம். இரண்டாவது பாடம் இதுதான்: மழைக்கு முன்னும் பின்னும் கழுவ வேண்டியது அடிப்பாகம். வாட்டர் சர்வீஸ் கடையில் மேலே நுரை அடித்ததும் திருப்தியாகிவிடாதீங்க. வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, சக்கர வளைவுக்குள் ஒட்டியிருக்கும் சேற்றை எடுக்கச் சொல்லுங்க. ஈரச் சேறு, தண்ணீர் ஊறின பஞ்சு மாதிரி. ஈ.சி.ஆர். பக்கம் ஓட்டுகிறவர்களுக்குக் கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

ஆடம்பரக் கார் மட்டும்தான் வரைவேன் என்று அவர் இருந்ததில்லை. ஹாலந்தின் டாஃப், ஜப்பானின் ஹினோ, லேலண்டு லாரியின் கேபின், இங்கிலாந்தில் ஊர் ஊராக ஓடிய லேலண்டு நேஷனல் பஸ் எல்லாவற்றிலும் அவர் கை இருக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு வடிவம் கொடுத்தவர்.

ஸ்டாக் சொல்லும் கூலன்ட் பாடம்

அவருக்கு ரொம்பப் பிடித்த வேலைகளில் ஒன்று, யாரும் கேட்காமலே தொடங்கியது. வெப்ஸ்டரிடம் ஒரு பழைய டிரயம்ஃப் 2000 காரை வாங்கி, கண்காட்சிக்காகக் கூரையில்லாத காராக மாற்றினார். கொடுக்கும்போதே வெப்ஸ்டர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: பிடித்துவிட்டால் அது டிரயம்ஃபுக்குச் சொந்தம். பிடித்துவிட்டது. 1970-ல் ஸ்டாக் என்ற பெயரில் வெளியானது. மூன்று லிட்டர் வி8. பார்த்தவர்கள் கண்ணை எடுக்கவில்லை.

ஆனால் இன்ஜின் சூடாகி நின்றுவிடும் என்று ஸ்டாக்குக்குக் கெட்ட பெயர் வந்தது. காரணம் பல. அதில் ஒன்று நமக்கு முக்கியம். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு வேறு உலோகம் ஒரே தண்ணீரில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அரிமானத்தைத் தடுக்கும் கூலன்ட் வருஷம் முழுக்க இருக்கணும். இல்லையென்றால் உள்ளே அரித்த கழிவு ரேடியேட்டரை அடைக்கும், இன்ஜின் கொதிக்கும். வரைந்தவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அழகான அந்த உடம்புக்கும் சேர்த்துத்தான் பேர் கெட்டது.

நம்ம ஊரில்தான் தண்ணீர் உறையாதே, கூலன்ட் எதுக்கு, குழாய்த் தண்ணி போதும் என்று சொல்கிற ஆள் உங்க வீட்டிலும் இருப்பார். அவருக்கு ஸ்டாக் கதையைச் சொல்லுங்க. பிரேக் ஆயிலும் அப்படித்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பழசாகியிருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்க.

மிக்கெலொட்டி 1980 ஜனவரி 23-ஆம் தேதி காலமானார். வயது 58. அதே ஆண்டில் கடைசி ஸ்பிட்ஃபயரும் தயாரானது. பெருங்களத்தூர்த் தொழிற்சாலை அதற்குப் பின் எட்டு வருஷம்தான் தாங்கியது. 1988-ல் கார் உற்பத்தி நின்றது.

எங்க தெரு ஹெரால்டு

இப்போ நான் சொல்கிறேன் என்றேனே, அந்த வண்டி. முடிச்சூர் பக்கம் எங்க தெருவில் ஒரு தாத்தா இருந்தார். ஸ்டாண்டர்டு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டு வாசலில் வெளிர் நீல ஹெரால்டு ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நிழலில் நிறுத்தி இரண்டு பக்கெட் வைத்துக் கழுவுவார். ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். ஒரே பக்கெட்டில் துணியை நனைத்தால் மண்ணும் சேர்ந்து வரும், பெயிண்டில் வட்ட வட்டமாகக் கோடு விழும் என்பார். காக்கை எச்சம் விழுந்தால் அன்றைக்கே ஈரத்துணி போட்டு ஊறவைத்துத் துடைப்பார். அதில் இருக்கும் அமிலம் வெயிலில் பெயிண்டைச் சாப்பிட்டுவிடும். கழுவி முடித்து, நன்றாகத் துடைத்து, கையால் வாக்ஸ் தேய்ப்பார். மழைத்துளி உருண்டு ஓடுவதை எங்களுக்குக் காட்டுவார். இப்போ நீங்க காசு கொடுத்துப் போடுகிற செராமிக் கோட்டிங் செய்வதும் அதே வேலைதான், கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கும்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. அப்போ நான் அஞ்சாம் கிளாஸ். ஹெரால்டு ஜன்னல் மட்டம் வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் தாத்தா சாவியைத் தொடவே இல்லை. அது சரியான முடிவு. இன்ஜினுக்குள் தண்ணீர் இருந்து ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் இன்டேக் தாழ்வாக இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு முழங்கால் தண்ணீரே போதும். அதுவரை எல்லாம் சரியாகச் செய்தார்.

ஆனால் மறுபடி மழை வரும் என்று பயந்து, வெளியூர் உறவினர் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஈரமாக இருந்த வண்டியைப் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய், திரும்பி வரப் பொங்கல் தாண்டிவிட்டது. தார்ப்பாயைப் பிரிக்கும்போது நாங்கள் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றோம். உள்ளே இருந்து ஒரு வாடை வந்தது. சீட்டில் பூஞ்சை. கதவைத் திறந்தபோது அதன் அடித்தகடு கையோடு உதிர்ந்தது. டிங்கரிங் செய்பவர் வந்து தட்டிப் பார்த்து, பட்டி வைத்து மூடுவதற்கு மட்டும்தான் இனி முடியும் என்று தலையை ஆட்டினார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. ஒரு மணி நேர வெள்ளத்தைத் தாங்கிய வண்டி, ஒன்றரை மாதம் உள்ளேயே அடைபட்ட ஈரத்தைத் தாங்கவில்லை.

பானட்டை மட்டும் அவர் கொடுக்கவில்லை. மொட்டை மாடிப் படிக்கட்டுக்குக் கீழே, காய்ந்த இடத்தில், பழைய வேட்டியால் போர்த்தி வைத்தார். அவர் இப்போ இல்லை. பானட் இருக்கு. போன வாரம் போய்ப் பார்த்தேன். மட்கார்டிலிருந்து விளக்கு வரை இறங்குகிற அந்தக் கோடு அப்படியே இருக்கு. 1957-ல் டூரினில் ஒருத்தர் பேசிக்கொண்டே போட்ட கோடு.

இந்தச் சனி, ஞாயிறு உங்களுக்கு வேலை இருக்கு. அப்பாவோட ஸ்விஃப்டோ, அண்ணனோட போலோ ஜிடியோ, உங்க ஆர்15-ஓ, எதுவானாலும் சரி. வடிகால் ஓட்டைகளைத் திறங்க. அடியைக் கழுவுங்க. முழுசாகக் காயவிடுங்க. அப்புறம் வாக்ஸ், ரப்பர், கூலன்ட், வைப்பர், டயர். மூடுவதாக இருந்தால் காற்றுப் போகிற துணிக் கவர் போடுங்க. நனைந்த வண்டியை மட்டும் மூடவே மூடாதீங்க.